தெற்குப் பக்கத்து நத்தைகள்

மகள் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாள் என்று லகாட் ஊர்க் கோப்பிக் கடையில் யாராவது கேட்டால் அர்ச்சுனனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டாக்டருக்கு என்றாலோ வக்கீலுக்கு என்றாலோ ஒரே சொல்லில் முடிந்துவிடும். புஷ்பலீலா எடுத்துக்கொண்ட படிப்புக்கு அவனிடம் சொல் இல்லை.

"காடு, மலை, ஆறு, அதுல உள்ள உசுருங்க. அதெல்லாம் எப்படி இருக்கு, எப்படிக் காப்பாத்தணும்னு படிக்குது" என்பான்.

"அதுக்கு எதுக்குலா யூனிவர்சிட்டி? நாம தோட்டத்துல இருந்தப்ப காட்டுக்குள்ளதான கெடந்தோம். நமக்கு யாரு டிகிரி குடுத்தா?"

கடை சிரிக்கும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போதுதான், பெற்ற மகளின் படிப்பைக் கேலி பேசியவனோடு சேர்ந்து எதற்குச் சிரித்தோம் என்று உடம்பு கூசும்.

அவன் வேலை கல்லுடைக்கும் கம்பெனியில். ஈப்போவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நிற்கும் சுண்ணாம்பு மலைகளில் ஒன்றைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்து, வடக்குப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. இடுப்பில் கயிறு கட்டி மலைமுகத்தில் தொங்கிக்கொண்டு, மெசினால் துளை போடுவான் அர்ச்சுனன். துளையில் மருந்து அடைத்து நண்பகலில் வெடி வைப்பார்கள். சங்கு ஊதியதும் எல்லாரும் கொட்டகைக்குள் ஓடுவார்கள். வெடித்து முடிந்து புகை இறங்கும்போது ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய லம்பக் குட்டைகளின் தண்ணீர்கூட வெளுத்துப்போயிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவனுக்குத் தலைமுடி, புருவம், மூக்குமயிர் எல்லாம் வெள்ளை. சம்சாரம் இருளாயி வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நிற்பாள்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் பத்துமலை. இரண்டு குடும்பமும் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்தில் இருந்தவை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பத்துமலை முன்னால் கிளம்பி வந்து கம்பெனி கேட்டைக் காக்கும் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த மாதமே ஆள் அனுப்பி, அர்ச்சுனன் குடும்பத்தையும் வரவழைத்தார். அவருக்குப் பிள்ளைகள் எல்லாம் கட்டிக்கொடுத்தாயிற்று. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பலகை வீடு, வாசலில் நாலு மிளகாய்ச் செடி, சம்சாரம் கருப்பம்மாள். இவ்வளவுதான் அவர் குடும்பம். கூடப் பிறக்காவிட்டாலும் அர்ச்சுனனுக்கு அவர் அண்ணன். அவன் பிள்ளைகளுக்குப் பெரியப்பா.

எழுபத்தொன்பதாம் வருஷம், கடைசி வருஷப் படிப்புக்கு முந்திய நீண்ட விடுமுறையில் லீலா கண்ணாடிக் குழாய்களும் துணிப்பைகளும் ஒரு பூதக்கண்ணாடியுமாக வந்து இறங்கினாள். சுண்ணாம்பு மலைகளில் வாழும் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னாள்.

"நத்தையா?" என்றாள் இருளாயி. "கீரைப் பாத்தியத் திங்குமே, அதுவா?"

"அது இல்லம்மா. இது கடுகு தண்டிதான் இருக்கும்."

"கடுகு தண்டி நத்தைய ஆராய்ச்சி பண்ணவா கோலாலம்பூர் வரைக்கும் போன?"

மலையடிவாரத்தில் பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் கிடக்கும் சருகு மண்ணை அள்ளிக்கொண்டு வருவாள். வெயிலில் காயவைத்து, அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து, பேசினில் தண்ணீர் ஊற்றி அதில் கொட்டுவாள். மண் அடியில் போய்விடும். காலியான நத்தைக் கூடுகள் உள்ளே காற்று இருப்பதால் மேலே மிதக்கும். தேத்தண்ணி வடிகட்டியால் அவற்றை மெல்ல அள்ளுவாள். இருளாயி சல்லடைக்காகக் கத்துவாள். பிறகு அவளே பேசினுக்கு முன்னால் குந்தி, "இந்தா ஒண்ணு, அந்தா பாரு ஒண்ணு, அத வுட்டுட்ட" என்று விரல் நீட்டுவாள்.

வடக்குப் பக்கம் வேலிக்கு வெளியே கிடைத்த மண்ணில் ஒன்றும் தேறவில்லை. தெற்குப் பக்கம் கம்பெனி இன்னும் கை வைக்கவில்லை. ஆனால் அது வேலிக்குள்ளே இருந்தது. வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது கம்பெனி சட்டம்.

அர்ச்சுனன் பத்துமலையிடம் போனான்.

"அண்ணே, புள்ளைக்கு உள்ள போயி கொஞ்சம் மண்ணு எடுக்கணுமாம். நீங்கதான் பாத்து ஏதாச்சும்..."

"லீலாவுக்கா? அத ஏன் இழுத்து இழுத்துக் கேக்கிற?" பத்துமலை சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். "ஞாயித்துக்கிழம வெடி கெடையாது, மேனேஜர் கெடையாது. கூட்டிக்கிட்டு வா. தோட்டத்துப் புள்ள ஒண்ணு இவ்ளோ தூரம் படிச்சிருக்கு, நாம ஒரு கதவத் தொறந்து விடக்கூடாதா?"

அப்படித்தான் அந்த விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் தெற்குப் பக்கம் போனார்கள். அந்த மலையில் இத்தனை வருஷம் தொங்கியும் அர்ச்சுனன் அந்தப் பக்கத்தைக் கால் வைத்துப் பார்த்ததில்லை. பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஈரத்தில் பாசியும் சின்னச் சின்ன ஊதாப் பூக்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெடிச்சத்தம் இல்லாத மலை அவனுக்குக் கோயில் மாதிரி பட்டது.

லீலா மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்தைப் பாறையோடு ஒட்டவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பாள். ஒருநாள், "அப்பா, இங்க வாங்க" என்று கத்தினாள். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். மிளகில் பாதிகூட இராது. ஓடு சுருள் சுருளாகப் போய், கடைசிச் சுற்றில் மனசு மாறியதுபோல் பின்பக்கம் திரும்பி, நாயனத்தின் வாய்போல விரிந்து நின்றது. உள்ளிருந்து இரண்டு கொம்புகள் நீண்டன. பாறையின் ஈரத்தை நக்கிக்கொண்டு அது நகர்ந்தது.

"இது சுண்ணாம்புக்கல்லுலதான்பா இருக்கும். மண்ணத் தாண்டி அடுத்த மலைக்குப் போவாது. ஒவ்வொரு மலையும் இதுக்கு ஒரு தீவு. இந்த மாதிரி வேற எங்கயும் நாங்க பாத்ததில்ல. வடக்குப் பக்கமும் இருந்திருக்கும்."

இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். வடக்குப் பக்கம் அப்பா துளை போட்ட பக்கம். அர்ச்சுனன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இந்தப் பக்கம் எப்பப்பா வெட்ட ஆரம்பிப்பாங்க?"

மழைக்காலம் முடிந்ததும் என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சொல்லியிருந்தான். "எனக்கு என்னா தெரியும்? மேல உள்ளவங்க முடிவு பண்றது" என்றான் அர்ச்சுனன்.

திரும்பும்போது பத்துமலையும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "எம்மாடி! இதுக்குக் கொம்பு வேறயா! ஏ, கருப்பம்மா, வந்து பாரு" என்று குழந்தைபோலக் கூவினார். கருப்பம்மாள் லீலாவை உட்காரவைத்து நெத்திலிச் சம்பலும் சோறும் போட்டாள்.

லீலா திரும்பிப் போய்க் கொஞ்சநாளில், அவளுடைய விரிவுரையாளர் துரைசிங்கம் அந்த நத்தைகளைப் பார்த்துவிட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். தெற்குப் பக்கத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு புதன்கிழமை காலையில் இரண்டு அதிகாரிகளும் துரைசிங்கமும் லீலாவும் காரில் வந்து கம்பெனி ஆபீசுக்கு முன்னால் இறங்கினார்கள். அடுத்த வெட்டு எங்கே என்று காட்டுவதற்காக மண்டோர் அர்ச்சுனனைக் கயிற்றிலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருந்தான். வெள்ளைப் புழுதியோடு அவன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றான். லீலா பார்த்தாள். இருவருமே பார்க்காததுபோல் இருந்துகொண்டார்கள். அப்படி இருந்துகொள்ளச் சொன்னது அவன்தான்.

மேனேஜர் நத்தையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலிக்குள்ளே போய் எடுத்திருக்கிறாய். உன்னை யார் உள்ளே விட்டது? எங்கள் ஆள் யாராவது உதவி செய்தானா?"

லீலாவின் கண் ஜன்னல் பக்கம் வந்து, சட்டென்று திரும்பியது.

"யாரும் விடவில்லை. கதவு திறந்திருந்தது. ஜாகா தூங்கிக்கொண்டிருந்தார்" என்றாள்.

அர்ச்சுனனுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் தான் கேட்டது தப்பாக இருக்கவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தான்.

பத்துமலையைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மேனேஜர் கேட்டதைக் கேட்டதும் முதலில் லீலாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது.

"நான் தூங்கல, தௌக்கே. இந்தக் கேட்டுல ஒருநாளும் தூங்கினதில்ல. நான்தான் தொறந்து விட்டேன்."

"யார் சொல்லித் திறந்தாய்?"

பத்துமலை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அர்ச்சுனன் தாங்கியிருப்பான். அது காத்திருக்கிற பார்வை. 'சொல்லுவ இல்ல?' என்பதுபோல் இருந்தது. அர்ச்சுனனின் தொண்டையில் எல்லாச் சொல்லும் வந்து நின்றது. கம்பெனி வீடு, சின்ன மகள் பாப்பாவின் பள்ளிக்கூடம், லீலாவின் கடைசி வருஷம் எல்லாம் கூடவே வந்து நின்றன. அவன் குனிந்து தன் காலணியில் அப்பியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தான்.

பத்துமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யாரும் சொல்லல. படிக்கிற புள்ளன்னு நானாத்தான் விட்டேன்."

மாதக் கடைசியோடு வேலையை முடித்துக்கொண்டு பலகை வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று மேனேஜர் அங்கேயே சொன்னார். துரைசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பாவம், வயசு போன மனுசன்" என்று தமிழில் முணுமுணுத்தார். பிறகு வரைபடத்தை விரித்தார்.

அன்று சாயங்காலம் லீலா வீட்டுக்கு வந்தாள். வரிசை வீடுகளில் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாசலில் நின்று, "எப்ப வந்த?" என்று கேட்கவில்லை. இருளாயி கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஏண்டி, தூங்கினாருன்னா சொன்ன?"

"அம்மா, அப்பா வேல போயிருமேன்னுதான்..."

"அப்பா வேல போயிரும்னு அவரு வேலையக் குடுத்தியா? நம்மள லயத்த விட்டு வெரட்டினப்ப எங்க போறதுன்னு தெரியாம கெடந்தோமே, அப்ப யாரு ஆளு அனுப்பினா? கருப்பம்மாக்கா கையால சோறு தின்னவதான நீ?"

லீலா தூணில் சாய்ந்து அழுதாள். "அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணலம்மா. நத்தையக் காப்பாத்தணும், அப்பாவக் காப்பாத்தணும். ரெண்டுதான் மண்டையில ஓடுச்சு. நாளைக்கே போறேன். பொய் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. நீ சொல்லிட்டு வா. வீடு போனா போவட்டும்."

இருவரும் அர்ச்சுனனைப் பார்த்தார்கள். அவன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தான்.

"வேணாம்" என்றான். "பொய் சொன்ன புள்ளன்னு ஆயிட்டா யூனிவர்சிட்டியில என்னா பண்ணுவாங்களோ. நத்த விசயமும் கெட்டுரும். விடு. நான் பாத்துக்கிறேன்."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகளுக்காகச் சொல்வதுபோல்தான் இருந்தது. உள்ளுக்குள் எதிலிருந்தோ தப்பித்த மாதிரி மூச்சு இறங்கியதே, அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இருளாயி கருவாட்டுச் சட்டியை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அவள் கோழிக்கறி ஆக்கி பலகை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். "நாங்க சாப்பிட்டாச்சு, இருளாயி" என்று கருப்பம்மாள் கதவுக்கு உள்ளிருந்தே சொன்னாளாம். மூடிய தூக்கு அப்படியே திரும்பி வந்தது.

சாமான் ஏற்றுகிற நாளில் அர்ச்சுனன் போனான். சிலிம் ரிவரில் இருக்கும் பத்துமலையின் மருமகன் லோரி அனுப்பியிருந்தான். கட்டிலின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை அர்ச்சுனன் பிடித்தான். அலமாரியும் அம்மியும் ஏறின. மிளகாய்ச் செடிகளைக் கருப்பம்மாள் பால்டின்களில் பெயர்த்து வைத்திருந்தாள். அர்ச்சுனன் தூக்கப் போனபோது, "அத நான் எடுத்துக்குறேன்" என்று அவன் கைக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் போயி மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

"இப்பச் சொல்லி என்னா? எனக்கு வேல திரும்ப வருமா? சாமானெல்லாம் ஏத்தியாச்சு." பத்துமலை கயிற்றை இழுத்துக் கட்டினார். "லீலாவ நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சின்னப் புள்ள, பயந்துருச்சு. நீ பயந்ததும் எனக்குப் புரியுது. நானும் குடும்பக்காரன்தான். ஆனா அர்ச்சுனா, தூங்கினேன்னு சொன்னத மட்டுமாச்சும் நீ இல்லன்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு உன் பேரு வந்திருக்காதுலா."

அர்ச்சுனனுக்கு இது தோன்றவே இல்லை. தன் பெயரைச் சொல்லாமலேயே அவர் மானத்தைக் காப்பாற்ற ஒரு வழி இருந்திருக்கிறது. 'அவர் தூங்குகிற ஆள் இல்லை' என்ற ஒரே வாக்கியம். அதற்குக்கூடத் தன் வாய் திறக்கவில்லை. லோரி போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அரசாங்கத்திலிருந்து முடிவு வருவதற்கு முன்னாலேயே கம்பெனி அவசரப்பட்டது. மழைக்காலம் முடியவில்லை, அதற்குள் தெற்குப் பக்கம் கயிறு போடச் சொன்னார்கள். முதல் துளை அர்ச்சுனன் போட வேண்டும். அவன்தான் பழைய கை.

அவன் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே ஆபீசுக்குப் போனான். மேனேஜர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு என் மக. ஜாகாகிட்ட கதவத் தொறக்கச் சொன்னது நான்" என்றான் மலாயில். சொல்லிவிட்டு, போ என்று அவர் சொல்வதற்காக நின்றான்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். அன்றைக்கே மண்டோர் சொன்னான்."

"அப்புறம்?"

"ஜாகா வேலைக்கு ஆள் கிடைக்கும். கயிற்றில் தொங்குகிறவன் கிடைப்பானா? மழை வருவதற்குள் போய் ஏறு."

அவனுக்குத் தண்டனைகூடக் கிடைக்கவில்லை. அங்கேயே, 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கென்றுதான் போனதாக வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். கொட்டகையைத் தாண்டி நடந்தவன், கால் தானாகத் தெற்குப் பக்கம் திரும்புவதை உணர்ந்தான். மண்டோர் கயிற்றை நீட்டினான். அவன் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். மெசின் பாறையில் பட்டதும் நீர் சொட்டிக்கொண்டிருந்த ஈரம் வெள்ளைச் சேறாக அவன் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டான்.

லீலா பரீட்சை எழுதி முடித்து வந்தபோது தெற்குப் பக்கம் மொட்டையாக இருந்தது. நத்தைகள் கோலாலம்பூரில் கண்ணாடிக் குழாய்களில் மட்டும் மிச்சம். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்குப் பெரிய பாரமாக இருந்தது. சில நாட்கள் கழித்து, "நான் பெரியப்பாவப் பாக்கப் போறேன். நீங்க வாறீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பஸ் பிடித்து சிலிம் ரிவர் போய், அங்கிருந்து நடந்தார்கள். பால் வெட்டிய பழைய கித்தா மரங்களை வேரோடு சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்திருந்தார்கள். பத்துமலை மருமகன் வீட்டின் பின்கட்டில் இருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. உடம்பு இறங்கி, குனிந்து நடந்தார். லீலா அவர் காலில் விழுந்தாள்.

"நீங்க தூங்கினீங்கன்னு சொல்லிட்டேன், பெரியப்பா. என்னாலதான்..."

"எந்திரி, எந்திரி. படிச்ச புள்ள." அவர் அவளைத் தூக்கிவிட்டார். கருப்பம்மாள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை, ஆனால் வைத்தாள். பரீட்சை எப்படி, பாப்பா எத்தனாவது படிக்கிறாள், இருளாயிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் பேச்சு மெல்ல மெல்ல வந்தது. அர்ச்சுனனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. அடுத்த தீபாவளிக்கு இவர்களைக் கூப்பிடலாம் என்றுகூட நினைத்துவிட்டான்.

"அது சரி" என்றார் பத்துமலை. "அந்தக் கொம்பு வெச்ச நத்தை இருந்த எடம்? அத விட்டுட்டாங்கல்ல? அவ்ளோ பெரிய மனுசங்கல்லாம் வந்து பாத்தாங்களே."

லீலா கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். "இல்ல, பெரியப்பா. உத்தரவு வாரதுக்குள்ள வெடி வெச்சுட்டாங்க."

"முழுசுமா?"

"முழுசும்."

வேலை போனாலும் அதற்காவது ஒரு பலன் இருக்கும் என்று இத்தனை நாளும் பத்துமலை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது அவர் முகத்திலிருந்து இறங்கிப் போவதை அர்ச்சுனன் பார்த்தான்.

"யாரு தொள போட்டது?"

"கம்பெனி ஆளுங்கதான், பெரியப்பா. வெளியேருந்து யாரையோ..." என்று லீலா அவசரமாக ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றான் அர்ச்சுனன்.

கருப்பம்மாள் வாசற்படியில் நின்றாள். லீலா அப்பாவின் கையைப் பிடித்தாள். அவன் இந்தத் தடவை கீழே பார்க்கவில்லை. பத்துமலையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "மொதத் தொளையும் நான்தான், அண்ணே. எல்லாம் நான்தான்" என்றான்.

பத்துமலை எழுந்து சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரோட்டு வரைக்கும் கொண்டாந்து விடறேன், வாங்க."

அவர் முன்னால் நடந்தார். பஸ் வந்ததும் லீலாவின் தலையில் கை வைத்தார். அர்ச்சுனனைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.

பஸ் நகர்ந்து வெகுதூரம் போன பிறகு லீலா மெல்லக் கேட்டாள்.

"ஏம்பா சொன்னீங்க? அவருக்குத் தெரிஞ்சே இருக்காதே."

அர்ச்சுனன் ஜன்னலுக்கு வெளியே ஓடும் செம்பனை மரங்களைப் பார்த்தான்.

"கேட்டாருல்ல" என்றான்.